செல்லம்மாவுக்கு ஐம்பத்தைந்து ஆனபோது

சென்ற வாரம் பிரியா போன் செய்தாள். துபாய் சலவைத் தொழிற்சாலையில் நான் உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் பகுதிக்கு அவள் இன்சார்ஜ். ஏதோ ஒரு நாட்டில் அரசாங்க ஓய்வூதியம் தரும் வயதை உயர்த்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக்கப் போகிறார்களாம். அதை வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்குள் பெரிய சண்டையாம். ஒன்றாக்குவதுதான் நியாயம் என்கிறது ஒரு கட்சி. பெண்களுக்கு முன்கூட்டிக் கிடைத்ததைப் பிடுங்குவதற்குப் பெயர் நியாயமா என்கிறது இன்னொரு கட்சி. "நீங்க என்னக்கா சொல்றீங்க? உங்க காலத்துல இங்கயே இப்படி ஒண்ணு நடந்துச்சாமே" என்று கேட்டாள்.

நடந்தது. போனில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு அரசாங்க ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு விசா முடிந்தால் கதை முடிந்தது. கம்பெனி கணக்கு முடித்துக் கையில் கொடுக்கும் செட்டில்மென்ட்தான் எங்கள் ஓய்வூதியம். ஆனால் எந்த வயதில் வீட்டுக்கு அனுப்புவது, அதில் ஆணுக்கு ஒரு வயதும் பெண்ணுக்கு ஒரு வயதுமா என்ற சண்டை எங்களுக்கும் வந்தது. அதில் முன்னால் நின்றவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் சாத்தான்குளத்திலேயே சொல்வார்கள். துபாய்க்குப் போன பிறகும் அது குறையவில்லை.

நான் வேலை கற்றது தூத்துக்குடியில், ஒரு மருத்துவமனையின் துணி அறையில். அங்கே என்ன கற்றேன் என்று கேட்டால், கறையைப் பார்த்ததும் எதனால் வந்தது என்று சொல்லவும், யார் அதட்டினாலும் கை நடுங்காமல் துணியை மடிக்கவும் கற்றேன். பிறகு கணவர் தவறிப்போனார். இரண்டு பையன்களை என் தங்கையிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அழுததையெல்லாம் எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

தொழிற்சாலை அல்கூஸில் இருந்தது. பெண்களுக்கு ரூம் சத்வாவில். தையல் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய வில்லாவைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி எங்களை வைத்திருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நிற்கும். கிரேன் இறங்கிய இடத்தில் ஹோட்டல் முளைக்கும். ஹோட்டல் முளைத்தால் அதன் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வரும்.

எங்கள் தொழிற்சாலையின் நடுவே ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கத்தில் ஆண்கள். மூட்டையைப் பிரிப்பது, ரகம் பிரிப்பது, இயந்திரத்தில் போடுவது, சலவை மருந்து அளவு வைப்பது அவர்கள் வேலை. துவைத்துப் பிழிந்த துணி சுவரிலுள்ள வாய் வழியாக எங்கள் பக்கம் வந்து விழும். அதை உதறுவது, இஸ்திரி உருளையில் கொடுப்பது, மறுபக்கம் வாங்குவது, மடிப்பது எங்கள் வேலை. உருளை என்றால் வீட்டு இஸ்திரிப் பெட்டியை நினைக்கக்கூடாது. ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கும் மேலே இருக்கும். உள்ளே கொதிக்கும். இரண்டு பெண்கள் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, ஒரே நேரத்தில், ஒரே இழுப்பில், உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினால் விரிப்பு கோணிப்போகும். இன்னும் முந்தினால் விரல் போகும்.

அந்த உருளையில் செல்லம்மா மூலை பிடித்தால் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். அவ்வளவு நிச்சயம். அவள் இலங்கை மலையகத்துக்காரி, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். குள்ளம், கறுப்பு, பல்வரிசை மட்டும் பளிச்சென்று இருக்கும். யார் புதிதாக வந்தாலும் முதல் வாரம் அவளோடுதான் ஜோடி போடுவேன்.

செல்லம்மாவுக்கு இரண்டு வயதுகள் இருந்தன. ஒன்று அவள் தாய் பெற்ற வயது. இன்னொன்று ஏஜென்சிக்காரன் பெற்ற வயது. வீட்டு வேலைக்கு வரும் பெண் முப்பது தாண்டி, பொறுப்பானவளாக இருக்க வேண்டும் என்று கேட்ட காலத்தில், இருபத்தைந்து வயதுக்காரியை அவன் பாஸ்போர்ட்டில் முப்பத்திரண்டு ஆக்கிவிட்டான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் வில்லாவில் வீட்டு வேலைக்கென்று வந்து பிறகு கம்பெனிக்கு மாறிய பெண்கள் பாதிப் பேர். அவர்கள் எல்லோருக்கும் இப்படி இரண்டு வயது உண்டு. "அசல் வயசா, ஏஜென்சி வயசா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிறந்த நாள் பாயசம் வைப்போம்.

ஆண்கள் கதை நேர் எதிர். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு வயதைக் குறைத்துப் போட்டிருப்பார். பிறகு விசாவுக்காக ஏஜென்ட் இன்னும் நாலைக் குறைத்திருப்பான். ஆக, அழுக்குப் பக்கத்து ஆண்கள் காகிதத்தில் இளைஞர்கள், சுத்தப் பக்கத்துப் பெண்கள் காகிதத்தில் கிழவிகள். சிரிப்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொண்டிருந்தோம், நோட்டீஸ் வரும்வரை.

நோட்டீஸ் கார்டு பஞ்ச் பண்ணும் இடத்தில் ஒட்டப்பட்டது. அதுவரை எல்லோருக்கும் ஓய்வு வயது ஐம்பத்தைந்து. அனுபவசாலிகள் கிடைப்பது கஷ்டமாக இருப்பதால் ஆண்களுக்கு இனி அறுபது. பெண்களுக்கு, அவர்களுடைய குடும்பப் பொறுப்புகளைக் கருதி, ஐம்பத்தைந்தே தொடரும். இதுதான் சாரம். எங்களில் யாருக்கும் அது உடனே வரப்போவதில்லை என்று நினைத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அன்று மதியம் உருளைக்குப் பக்கத்தில் செல்லம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே, "அக்கா, அடுத்த வருசம் எனக்குத்தான் அம்பத்தஞ்சு" என்றாள். அவளுடைய அசல் வயது நாற்பத்தேழு.

இங்கே எங்கள் முதீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதீர் என்றால் மேனேஜர். பஷீர் என்று பெயர், சூடான்காரர், நல்ல உயரம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலையை விட்டு அனுப்புவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மதியத் தொழுகை முடிந்ததும் ஆளைக் கூப்பிடுவார். நாற்காலியில் காகிதம் கிடந்தால் தன் கையாலேயே எடுத்து வைப்பார். புதினா போட்ட சுலைமானி டீ வரும். கண்ணாடித் தம்ளர் பாதி காலியாகும்வரை விஷயத்தைத் தொடமாட்டார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். இத்தனை பேர் பிள்ளைகளின் பெயர் அவருக்கு எப்படி நினைவிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு கையிலிருக்கும் பேனாவை மூடுவார். மேஜையைச் சுற்றி வந்து, எதிரில் இல்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கவரை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுப்பார்.

அவர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். பேனா மூடுவதை வெளியிலிருந்து பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். அதனால் எங்கள் பேச்சில் வேலை போவதற்கே "பேனா மூடுறது" என்று பெயர். "அவளுக்குப் பேனா மூடியாச்சு" என்றால் டிக்கெட் போட்டாயிற்று என்று அர்த்தம். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் கையால் வந்தாலும் கவர் கவர்தானே.

செல்லம்மாவுக்கு ஒரே மகள், கவிதா. லீவில் போய்ப் பெற்று, பால்குடி மறக்கும்முன் தன் தங்கையிடம் விட்டுவிட்டுத் திரும்பியவள் இவள். கணவன் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். அந்தப் பெண் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி டவுனில் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக வேண்டும் என்று ஆசை. செல்லம்மாவுக்கு ஐம்பத்தைந்து வரப்போகிறது என்ற செய்தி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வில்லாவின் பின்கட்டில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறானாம். அம்மா வேலை போகப் போகிறது, மகளை அனுப்புங்கள் என்கிறானாம். பதினேழு வயதுப் பெண் அவள். வயதை நான் பார்த்துக்கொள்கிறேன், இருபத்து மூன்று போட்டுக் குவைத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறான். சித்தியும் வேறு வழி தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

செல்லம்மா அழவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என்னைய ஒருத்தன் வயசக் கூட்டி அனுப்புனான். எம்புள்ளைக்கும் கூட்டுறதுக்கு நான் விடமாட்டேன்க்கா. அது படிச்சு முடிக்க எனக்கு இன்னும் அஞ்சு வருசம் வேணும். ஆம்பளைங்களுக்குக் குடுத்த அதே அஞ்சு வருசம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சரி, வாங்கிவிடுவோம் என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

சுலபமான வழி ஒன்று இருந்தது போலத் தெரியும். செல்லம்மாவின் இலங்கை அடையாள அட்டையில் அசல் வயது இருக்கிறதே, அதைக் காட்டினால் என்ன? காட்டினால் அவள் அன்றைக்கே காலி. பாஸ்போர்ட்டில் பொய் வயது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலை போவதோடு நிற்காது, திரும்பி எந்த நாட்டுக்கும் கால் வைக்க முடியாது. ஆகவே அவளுடைய உண்மையைச் சொல்லி அவளைக் காப்பாற்ற முடியாது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணாகவே அவளை நிற்க வைத்து, அந்த வயதில் ஆண் வேலை பார்க்கலாம் என்றால் பெண்ணும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் ஜெயிக்க வேண்டும். ஒருத்திக்காகக் கேட்க வழியில்லை. எல்லாப் பெண்களுக்கும் கேட்க வேண்டும்.

முதீரிடம் போனேன். நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார், சுலைமானி வந்தது, என் பையன்களை விசாரித்தார். பிறகு நான் பேசினேன். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் நடக்கும். குடும்பப் பொறுப்பு என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பொறுப்பைத் தூக்கத்தானே நாங்கள் கடல் தாண்டி வந்தோம், அதைக் காரணம் காட்டியே அனுப்பினால் எப்படி என்று கேட்டேன். அவர் என் தம்ளரை இன்னொரு தரம் நிரப்பச் சொன்னார். ரூலை மாற்றுவது தன் கையில் இல்லை, சின்ன அர்பாபிடம்தான் பேச வேண்டும் என்றார். அர்பாப் என்றால் முதலாளி. பெரியவருக்கு உடம்பு தளர்ந்து, மகன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதீர் ஒரு நிபந்தனை போட்டார். எல்லாப் பெண்களும் ஒன்றாகக் கேட்டால் மேலே கொண்டு போகிறேன், ஒரே ஒருத்தி வந்து எனக்கு வேண்டாம் என்று சொன்னாலும் என்னால் முடியாது என்றார். ஆனால் பேனாவை மூடவில்லை. அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஒரே ஒருத்தி என் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தாள். ஜெயசீலி, மார்த்தாண்டத்துக்காரி. காகிதத்திலும் அசலிலும் அவளுக்கு ஒரே வயது, ஐம்பத்து மூன்று. மடிப்பு மேஜையில் நின்று நின்று முட்டு தேய்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாப் பெண்களையும் மொட்டை மாடியில் கூட்டி, ஆணுக்கு அறுபது என்றால் எங்களுக்கும் அறுபது என்று கேட்போம் என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"எனக்கு அறுபது வேண்டாம் மக்கா. ரெண்டு வருசத்துல போலாம்னு நான் பெட்டி கெட்டி வச்சிருக்கேன். நீ அறுபதுன்னு மாத்திட்டா, நடுவுல போறவள ராஜினாமான்னு எழுதுவான். ராஜினாமாக்காரிக்கு முழு செட்டில்மென்ட் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஒனக்க நியாயத்துக்கு எனக்க முட்டியா வெலை?"

சில பேர் செல்லம்மா பக்கம், சில பேர் ஜெயசீலி பக்கம். செல்லம்மாவுக்காகச் சண்டை போடப்போய் அவளையே எல்லோரும் முறைக்கும்படி ஆகிவிட்டது. கூட்டம் முடியாமலே கலைந்தது. நானும் ஜெயசீலியும் ஒரே அறையில் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவள் வைத்த குழம்பை நான் தொடவில்லை, நான் வைத்ததை அவள் தொடவில்லை. நடுவில் செல்லம்மா இரண்டையும் சாப்பிட்டாள்.

கோபம் ஆறிய பிறகு யோசித்தால் ஜெயசீலி சொன்னதில் தப்பே இல்லை. ஆண் மாதிரியே பெண்ணையும் நடத்து என்று நாம் கேட்கிறோம். ஆனால் காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைக்கிறவள் பெண்தான். ஆண்கள் கேம்பில் மெஸ் உண்டு, எங்களுக்கு இல்லை. முட்டு தேய்ந்தது மடிப்பு மேஜையால் மட்டும் இல்லை. அவளை அறுபதுவரை நிற்கச் சொல்வதும் செல்லம்மாவை ஐம்பத்தைந்தில் போகச் சொல்வதும் ஒரே மாதிரி வேலைதான். இரண்டிலும் அவளைக் கேட்காமல் இன்னொருவர் தீர்மானிக்கிறார். மூன்றாம் நாள் அவள் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே எல்லாப் பெண்களிடமும் போனோம். கேட்பது இதுதான்: நிற்க விரும்புகிறவளுக்கு அறுபது, போக விரும்புகிறவளுக்கு ஐம்பத்தைந்திலேயே முழு செட்டில்மென்ட். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சின்ன அர்பாப் வந்த ஒரு நாளில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆண்கள் தரப்பில் வாஷிங் ஃபோர்மேன் கோவிந்தன் அண்ணன் வந்திருந்தார். பொன்னமராவதிக்காரர், மருந்து அளவு வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் கோரிக்கை அவருக்கு வேடிக்கையாக இருந்தது. போகும் வழியிலேயே, "அஞ்சு வருசம் முன்னாடியே ரெஸ்ட் குடுக்குறாக, சந்தோசமாப் போவீகளா, அதுக்கும் சண்டையா சிஸ்டர்" என்று கேட்டார். கேட்டவளுக்குக் கொடுத்தால்தான் அது ரெஸ்ட், கேட்காதவளுக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

சின்ன அர்பாப் மரியாதையான பிள்ளை. வெளிநாட்டில் படித்தவர். எனக்குக் கஹ்வா, அவர்கள் ஊர்க் காப்பி, ஊற்றச் சொன்னார். தாய்மார்களுக்கு மரியாதை செய்யத்தான் அந்த ரூல் என்று மனதாரச் சொன்னார். நான் பதிலுக்கு, உங்கள் மரியாதைக்கு நன்றி, அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றேன். உருளையில் நிற்கும் பெண்களில் புதியவர்கள் எத்தனை துணியைக் கோணலாக்குகிறார்கள், பழையவர்கள் இருந்தால் எவ்வளவு திரும்பத் துவைப்பது மிச்சம் என்பதை முதீரும் எடுத்துச் சொன்னார். சின்ன அர்பாப் யோசிப்பது தெரிந்தது. காரியம் ஆகிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வது வழக்கமாயிற்றே, பாஸ்போர்ட்டில் ஐம்பத்தைந்து என்றால் அசலில் அறுபத்தைந்து இருந்தால் உருளை பக்கத்தில் ஆபத்து இல்லையா? தொடர விரும்பும் பெண்கள் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அவர் தமாஷாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடித்தபோது அது உத்தரவாகிவிட்டது.

செல்லம்மாவின் சான்றிதழ் வந்தால் அதில் வயது கூடியிருக்காது, குறைந்திருக்கும். அதுவே அவளுக்கு முடிவு. முதீர் மேஜையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. தெரிந்தே இத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறார். கோவிந்தன் அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது.

நல்ல யோசனை சார் என்றேன். ஆபத்து உருளைக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை, மருந்து டிரம்முக்கும் கொதிநீருக்கும் பக்கத்தில் இன்னும் அதிகம். அங்கே நிற்கிறவர்கள் ஆண்கள். ஆகையால் அவர்களிடமும் பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள், ஒரே நாளில் எல்லோரிடமும் வாங்கிவிடலாம், ஃபோர்மேனிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்றேன். பிறகு கோவிந்தன் அண்ணனிடம் தமிழில், அவருக்கு மட்டும் புரியும்படி கேட்டேன்.

"என்ன அண்ணே, உங்களுக்கு அசல்ல அறுபத்தொண்ணா, அறுபத்திரெண்டா? நான் மறந்துட்டேன், அதான் கேக்கேன்."

கால் கீழே இறங்கியது. காகிதத்தில் அவருக்கு ஐம்பத்தாறு, புது நோட்டீஸ் வந்ததால்தான் தப்பியிருந்தார். அவர் மட்டுமா, அழுக்குப் பக்கத்தில் பாதிப் பேர் சான்றிதழ் வந்த அன்றே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் சின்ன அர்பாபிடம் பேச ஆரம்பித்தார். என் வாழ்நாளில் பெண்களுக்காக ஒரு ஆண் அவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாஸ்போர்ட் அரசாங்கம் கொடுத்தது சார், அதைச் சந்தேகப்படலாமா? அந்த அம்மாக்கள் உருளையில் நிற்கிற நேர்த்தியை வந்து பாருங்கள், அறுபது என்ன, எழுபதுவரை நிற்பார்கள். சுத்தப் பக்கம் சரியாக இருந்தால்தானே எங்கள் அழுக்குப் பக்கத்துக்கு மரியாதை. இப்படியே போனது.

சின்ன அர்பாப் முதீரைப் பார்த்தார். முதீர் மெதுவாகச் சொன்னார். "என் பாஸ்போர்ட்டில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. என் அண்ணன் பாஸ்போர்ட்டிலும் ஜனவரி ஒன்று. எங்கள் கிராமத்தில் எல்லோரும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தோம். சான்றிதழ் கேட்டால் நான் எங்கே போவேன்?" சின்ன அர்பாப் கஹ்வாக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஹலாஸ், அதாவது பேச்சு முடிந்தது, பாஸ்போர்ட் வயதே போதும் என்றார். மற்றதை யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. செல்லம்மாவின் விசா முடியும் மாதம் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஊரில் ஏஜென்சிக்காரன் கவிதாவை போட்டோ எடுக்கக் கூட்டிப்போக இரண்டு முறை வந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் செல்லம்மா தங்கையைப் போனில் பிடித்து, இன்னும் கொஞ்ச நாள் கதவைத் திறக்காதே என்று சத்தம் போட்டாள். உருளையில் அவள் கை மட்டும் தவறவில்லை. நான் அந்த நாட்களில் அவளை அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

ஒரு நாள் மதியத் தொழுகை முடிந்த நேரம். முதீர் தன் அறையிலிருந்து இறங்கி நேராக எங்கள் கூடத்துக்கு வந்தார். ஆளைக் கூப்பிட்டுவிடுவதுதான் அவர் வழக்கம், இறங்கி வந்ததே இல்லை. கையில் பேனா இருந்தது. எல்லோருடைய கண்ணும் அந்தப் பேனாவின் மேல்தான். உருளையை நிறுத்தச் சொன்னார். செல்லம்மா எதிரில் நின்று, கவிதாவைப் பெயர் சொல்லி விசாரித்தார். படிப்பு எப்படி என்று கேட்டார். செல்லம்மா விரிப்பின் மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் நன்றாகப் படிக்கிறாள் என்றேன். பிறகு அவர், "நாளைக்கு ரெண்டு போட்டோ கொண்டு வா. வெள்ளை பேக்ரவுண்ட்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு போட்டோ என்றால் விசா புதுப்பிப்பதற்கு. வளைகுடாவில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஜெயசீலிதான் முதலில் வந்து செல்லம்மாவைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் சத்வாவில் எங்கள் தெருமுனை ஸ்டூடியோவில் செல்லம்மாவை உட்காரவைத்தோம். ஜெயசீலி தன் நல்ல புடவையைக் கொடுத்தாள், நான் தலை வாரிவிட்டேன். சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோக்காரர் எத்தனையோ தடவை சொன்னார், அவளால் முடியவில்லை. பிறகு போன் கடைக்குப் போய் ஊருக்குப் பேசினாள். அவள் சொன்னது ஒரே வாக்கியம். "அந்த ஆள் இனிமே வாசப்படி ஏறக்கூடாது."

நோட்டீஸ் மாறியது. பெண்களுக்கும் அறுபது. விரும்பினால் ஐம்பத்தைந்தில் முழு செட்டில்மென்ட்டோடு போகலாம். ஜெயசீலி தன் கணக்குப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், டிக்கெட்டோடு. அதன் பிறகு கோவிந்தன் அண்ணன் என்னிடம் வந்து, ஏன் சிஸ்டர், முன்னாடியே போற வசதி உங்களுக்கு மட்டும்தானா, எங்களுக்கு முட்டு இல்லையா என்று கேட்டார். கேட்டது நியாயம். அவருக்காகவும் நானே முதீரிடம் போனேன். அதை வாங்க இன்னொரு வருடம் ஆனது. வாங்கிய முதல் ஆள் அவர்தான். போகும்போது அசல் வயதை என் காதில் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் எழுதப்போவதில்லை.

ஆக, பிரியா, என் பதில் இதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது வேண்டும். ஆனால் ஒரே வயது என்று எழுதி ஒட்டிவிட்டால் நியாயம் ஆகிவிடாது. அந்த வயது வருவதற்குள் யார் எவ்வளவு சுமந்தார்கள், நடுவில் இறங்க யாருக்கு வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை உன் மேஜையில் வரும் பெண்களிடமே கேள். அவர்களுக்குள் சண்டை வந்தால் வரட்டும். சண்டையை முடிக்காமல் மட்டும் எழுந்து போகவிடாதே.

செல்லம்மா காகிதத்தில் அறுபது முடிந்து போனாள். அசலில் அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று. அவளை அழைத்துப்போக கவிதாவே விசிட் விசாவில் வந்திருந்தாள். ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடம், அம்மாவை விட ஒரு சாண் உயரம். ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போது செல்லம்மா மகளின் பாஸ்போர்ட்டை அவள் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். பக்கத்தைத் திருப்பி, பிறந்த தேதியின் மேல் விரலை வைத்து, அந்த உருளையில் துணி கொடுத்துக் காய்த்துப்போன விரலை வைத்து, என்னிடம் காட்டினாள்.

"இது நான் பெத்த தேதிதான்க்கா."